பல்லியும் இல்லை, அம்மையும் இல்லை

என் வலது கையின் மேற்புறம், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில், பழைய எட்டணா அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் இருக்கிறது. மூன்று வருஷமாக அதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பல்லி எச்சம் பட்டிருக்கும் என்றாள் அம்மா. பூரான் ஊர்ந்திருக்கும் என்றார் மாமனார். எட்டுக்கால் பூச்சி என்று முடிவு கட்டி மஞ்சளைக் குழைத்துப் பூசினாள் மனைவி. நான் படை என்று நினைத்து, மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆயின்மென்ட் இரண்டு ட்யூபைத் தீர்த்தேன். திடீரென்று ஒருநாள் அந்த இடம் சிவந்து, தடித்து, எரியும். நடுவில் சின்னக் கொப்புளம்கூட வரும். நாலைந்து நாளில் தோல் உரிந்து, சிலேட் நிறத்தில் அடங்கிவிடும். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அதே இடத்தில் அதே வட்டம்.

கடைசித் தடவை உதட்டோரத்திலும் ஒன்று வந்தது. எனக்குப் பம்ப்செட் விற்பனை வேலை. வாரத்தில் நாலு நாள் பஸ், வெளிச்சாப்பாடு. டீலர்கள் உதட்டைப் பார்த்துவிட்டு "சிகரெட்டைக் குறைங்க சார்" என்றார்கள். பிடித்தவனாக இருந்தால் குறைத்திருப்பேன்.

ஒரே பல்லி மூன்று வருஷமாகக் குறி தப்பாமல் ஒரே இடத்தில் எப்படி எச்சம் போடும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். விடை கிடைத்தது மதுரை பெரியாஸ்பத்திரியின் தோல் வார்டில். அங்கே நான் போனது என் கைக்காக இல்லை, அம்மாவுக்காக.

அம்மாவுக்கு அப்போது 61 வயது. விருதுநகர் பக்கம் கிராமம். வலது கன்னத்தில் ஒரு வலி வந்தது. பல் தேய்த்தால், ஃபேன் காற்று பட்டால், வாயில் ஒரு கவளம் வைத்தால், கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்று இழுக்கும். பல் வலி என்று கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கியும் வலி அப்படியே இருந்தது. அப்புறம்தான் நரம்பு டாக்டரிடம் போனோம். முகத்துக்கு உணர்ச்சி கொடுக்கிற ஐந்தாவது நரம்பில் கோளாறு என்று சொல்லி, கார்பமசெபின் எழுதிக்கொடுத்தார். வலிப்புக்குக் கொடுக்கும் மாத்திரைதான், இந்த வலிக்கும் முதலில் அதைத்தான் கொடுப்பார்கள். ஒரு வாரம் 100 மில்லிகிராம் இரண்டு வேளை, பிறகு 200. நாலாம் நாளே அம்மா முறுக்குக் கடித்தாள். அந்த டாக்டர் மேல் எனக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. "உடம்புல எங்கயாவது தடிச்சா நிறுத்திட்டு உடனே வாங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார். அதைக் காதில் வாங்கினோம், வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

மாத்திரை தொடங்கியது மார்ச் 2. மார்ச் 18 அன்று காய்ச்சல், கண் எரிச்சல், எச்சில் விழுங்க முடியாத தொண்டை வலி. தெருமுனைக் கடையில் செட் மாத்திரை வாங்கிப் போட்டாள். 20ஆம் தேதி நெஞ்சிலும் முதுகிலும் பொட்டுப் பொட்டாகக் கிளம்பியது. பங்குனி மாசம், ஊரில் மாரியம்மன் பொங்கலுக்குச் சாட்டியிருந்த நேரம். மேலவீட்டுப் பெரியம்மா வந்து ஒரு பார்வைதான் பார்த்தார், "ஆத்தா வந்திருக்கா" என்றார். அரை மணி நேரத்தில் வாசலில் வேப்பங்குலை தொங்கியது. வீட்டில் தாளிப்பு நின்றது. இளநீரும் நீராகாரமும்தான் சாப்பாடு.

எதிர்க்கட்சியும் ஒன்று இருந்தது. காய்ச்சலுக்கு முந்தின நாள் அம்மா நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருந்தாள். இது கருவாட்டு ஒவ்வாமைதான் என்று சித்தப்பா அடித்துச் சொன்னார். அம்மையா கருவாடா என்று திண்ணையில் வாதம் நடந்தபோது, கார்பமசெபின் பேரை யாரும் எடுக்கவில்லை. பதினாறு நாளாக உடம்பு ஏற்றுக்கொண்ட மாத்திரை ஆயிற்றே. ஒத்துக்கொள்ளாவிட்டால் முதல் நாளே காட்டியிருக்காதா என்பதுதான் எங்கள் எல்லோருடைய கணக்கும்.

இதில் ஒரு கூத்து உண்டு. அம்மை கண்ட வீட்டில் இங்கிலீஷ் மாத்திரை ஆகாது என்பார்கள். அதன்படி அம்மாவின் பிரஷர் மாத்திரையைக்கூட நிறுத்தியிருந்தோம். அந்த வழக்கத்தை அம்மா முழுசாகக் கடைப்பிடித்திருந்தால் இரண்டு நாள் முன்னதாகவே தப்பித்திருப்பாள். ஆனால் கன்னத்து வலி திரும்பிவிடுமோ என்ற பயத்தில், இந்த ஒரு மாத்திரையை மட்டும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேளை தவறாமல் போட்டுக்கொண்டிருந்தாள்.

22ஆம் தேதி, அம்மை கேஸ் என்று கேள்விப்பட்டு நர்ஸம்மா வந்தார். கிராம சுகாதாரச் செவிலியர். எங்கள் ஊரில் நர்ஸம்மா என்றால் அவர்தான். அவர் உடம்பைப் பார்க்கவில்லை, முதலில் முகத்தைப் பார்த்தார். பீளை கட்டி அம்மாவின் இமைகள் ஒட்டியிருந்தன. வாயைத் திறக்கச் சொல்லி செல்போன் டார்ச்சை அடித்தார். உதட்டின் உள்பக்கம் கொதிக்கிற டீயைக் கொட்டியது போல வெந்து, வெள்ளைவெள்ளையாகத் தோல் தொங்கியது.

"உடம்பு அரிக்குதாம்மா, எரியுதா?"

"அரிப்பு இல்ல தாயி. தீயில போட்ட மாதிரி எரியுது. சேலை பட்டாலே வலிக்கு."

"ஒண்ணுக்குப் போறப்ப எரியுதா?"

அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தலையை மட்டும் ஆட்டினாள். இரண்டு நாளாக இருந்திருக்கிறது. பெற்ற மகனிடம் எப்படிச் சொல்வாள்.

"ரெண்டு மாசத்துக்குள்ள புதுசா என்ன மாத்திரை ஆரம்பிச்சீங்க?"

தலையணைக்கு அடியிலிருந்து அட்டை வெளியே வந்தது. நர்ஸம்மா அதைத் திருப்பிப் படித்தார். முதுகைப் பார்க்க ரவிக்கையை என் மனைவி மெதுவாகத்தான் இறக்கினாள். தோள்பட்டையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் துணியோடு வந்துவிட்டது, நனைந்த டிஷ்யூ பேப்பர் மாதிரி. அம்மா கத்தவில்லை. நான்தான் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

108 வருவதற்குள் நர்ஸம்மா வித்தியாசத்தைச் சொன்னார். சின்னம்மைக் கொப்புளம் முத்து மாதிரி நீர் கோத்து நிற்கும். புதுசு, பழசு, காய்ந்தது என்று மூன்றும் ஒரே நேரத்தில் கலந்து இருக்கும். பிய்த்தெடுக்கிற மாதிரி அரிக்கும். அம்மாவுக்கு இருந்தது தட்டையான திட்டுகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் கருத்த புள்ளி. அரிப்புக்குப் பதிலாக வலி. அதோடு கண், வாய், கீழே என்று மூன்று இடத்திலும் புண். "மேல்தோல் புண்ணோட உள்தோல் புண்ணும் சேந்து வந்தா மாத்திரையைத் தேடணும்" என்றார். புத்தகத்தில் படித்ததோ பார்த்துத் தெரிந்ததோ, அந்த ஒரு வரிதான் அம்மாவைக் காப்பாற்றியது.

ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றும்போது பிளாஸ்திரி ஒட்டக்கூடாது என்று பெரிய நர்ஸ் சத்தம் போட்டார். பிரித்தால் தோலோடு வருமாம். காஸ் துணியைச் சுற்றிக் கட்டினார்கள். எவ்வளவு தோல் கழன்றிருக்கிறது என்று கணக்கெடுத்தார் டாக்டர். விரல்களோடு சேர்த்து நோயாளியின் ஒரு உள்ளங்கை அளவு என்றால் உடம்பில் சுமார் ஒரு சதவீதம். அம்மாவுக்கு ஒன்பது தேறியது. பத்துக்குக் கீழே இருந்தால் ஸ்டீவன்ஸ் ஜான்சன் சிண்ட்ரோம். 1922இல் அந்தப் பேருள்ள இரண்டு அமெரிக்க டாக்டர்கள் இரண்டு பையன்களிடம் பார்த்து எழுதியது. முப்பதைத் தாண்டினால் அதற்கு வேறு பேர், அதில் மூன்று நாலு பேருக்கு ஒருவர் பிழைப்பதில்லை. இரண்டும் ஒரே வியாதியின் இரண்டு முனைகள்தான் என்றார். சந்தேகப்பட்ட மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவு நல்லது, மற்ற வைத்தியம் எல்லாம் அதற்கு அடுத்துத்தான் என்றும் சொன்னார்.

அம்மாவைப் படுக்க வைத்தது வாழையிலையில். வேப்பிலையிலிருந்து வாழையிலைக்கு மாறிவிட்டோமே என்று எனக்கு அப்போது கோபம்கூட வந்தது. பிறகுதான் புரிந்தது. பெட்ஷீட் ரணத்தில் ஒட்டும், பிரிக்கும்போது உயிர் போகும். வாழையிலையின் வழவழப்பில் எதுவும் ஒட்டாது, குளிர்ச்சியும் கூட. விடிகாலை நாலரைக்கு மாட்டுத்தாவணி போய் கீறல் இல்லாத இலையாகப் பொறுக்கி எடுப்பேன். கடைக்காரர் "எத்தனை பேருக்குப் பந்தி?" என்று கேட்டார். ஒருத்தருக்கு என்றேன். வார்டில் அதைக் கழுவி, ஆவி காட்டி, ஆறவைத்து, மேலே வாஸ்லின் தடவி விரிப்பார்கள். கண் டாக்டர் தினமும் வந்து, இமையும் விழியும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு கண்ணாடிக் குச்சியால் நடுவே மெல்ல வழித்துவிடுவார். உடம்புத் தோல் இரண்டு மூன்று வாரத்தில் மூடிவிடும், கண்ணைத்தான் விட்டுவிடக் கூடாது என்று அவர் சொன்னது முழு உண்மை. 19 நாளில் வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்மாவின் கண்ணீர் மட்டும் வற்றியே போயிற்று. இன்றும் நாலு வேளை சொட்டு மருந்து.

பத்தாம் நாளோ என்னவோ, கேஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட நான் பேனாவை வாங்கியபோது, அங்கே பி.ஜி. படிக்கும் டாக்டரம்மா என் கையைப் பிடித்துத் திருப்பினார்.

"இது எப்பருந்து இருக்கு?"

மூன்று வருஷம் என்றேன். பல்லி, பூரான், படை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வயித்தால போனா என்ன மாத்திரை போடுவீங்க?"

பஸ் ஸ்டாண்ட் மெடிக்கலில் 'லூஸ் மோஷனுக்கு' என்று கேட்டால் கொடுப்பதைப் போடுவேன். பையில் மீதி இருந்த நாலு மாத்திரையை எடுத்துக் காட்டினேன். நார்ஃப்ளாக்சசினும் டினிடசோலும் சேர்ந்த மாத்திரை. "உங்க பல்லி இதுதான்" என்றார்.

இதற்கு ஃபிக்ஸ்டு டிரக் எரப்ஷன் என்று பேர். ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல் ஓரிடத்தில் ஒருமுறை புண் வந்துவிட்டால், அந்த இடத்துத் தோலுக்குள்ளேயே எதிர்ப்புச் செல்கள் குடியிருந்துவிடுமாம். அடுத்த தடவை அதே மருந்து வயிற்றுக்குள் போனதும் அரை மணியிலிருந்து ஏழெட்டு மணி நேரத்துக்குள் அதே இடத்தில் எழுந்து சண்டை போடும். உதடு, கை, ஆண்குறி நுனி இவையெல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். கடைசி இடத்தில் வந்தவர்கள் வேறு ஏதோ நோய் என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் திரிவார்கள் என்றார். காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை, கோட்ரைமாக்சசோல், டாக்சிசைக்ளின் என்று பட்டியல் நீளம். ஒவ்வொரு தடவையும் புதுசாக ஓரிரு வட்டம் கூடிக்கொண்டே போகும். என் உதட்டுப் பொட்டு அப்படி வந்ததுதான். அதன்பின் நான் அந்த மாத்திரையைத் தொடவில்லை, வட்டமும் சிவக்கவில்லை. கறுப்பு மட்டும் போகவில்லை.

அந்த 19 நாளில் வார்டில் உட்கார்ந்து நான் கற்றதில் முதல் விஷயம் நாள் கணக்கு. தடிப்பு வந்தால் நாம் நேற்றுத் தின்றதைத்தான் தேடுகிறோம்: கத்திரிக்காய், இறால், கருவாடு. மருந்து வேலை செய்வது வேறு கணக்கில். காணாக்கடி மாதிரி திட்டுத் திட்டாக எழும்பி, அரித்து, இங்கே மறைந்து அங்கே கிளம்புவது, மருந்து போட்ட சில நிமிஷங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் வரும். அதோடு உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றினாலோ, அந்த நிமிஷமே 108தான். தட்டம்மை மாதிரி உடம்பெல்லாம் பொரிந்து வருவதற்குப் பெரும்பாலும் நாலிலிருந்து பதினாலு நாள் ஆகும். ஐந்து நாள் ஆன்டிபயாடிக் முடித்து, அட்டையையும் தூக்கிப் போட்டபிறகு எட்டாம் நாள் வரும். யாருக்கு ஞாபகம் இருக்கும்? அம்மாவுக்கு வந்த வகை நாலு நாளிலிருந்து நாலு வாரத்துக்குள். இன்னொன்று இரண்டிலிருந்து எட்டு வாரம்வரை காத்திருந்து வரும்: முகம் உப்பி, காய்ச்சல் அடித்து, கழுத்தில் நெறி கட்டி, கல்லீரலையும் தாக்கும். பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன் அப்படித்தான் கிடந்தான். அவனுக்கு வலிப்பு மாத்திரை தொடங்கி ஐந்து வாரம்.

ஆகவே எங்கள் வீட்டில் இப்போது புது மாத்திரை எது வந்தாலும் முதல் வேளை போடும் தேதியை அட்டையின் பின்புறம் பேனாவால் எழுதுகிறோம். சமையலறைக் காலண்டரிலும் ஒரு குறி.

அட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. மெடிக்கலில் பத்தில் நாலு மாத்திரை கேட்டால் கத்தரிக்கோலால் வெட்டித் தருவார்கள் அல்லவா, அதில் பேர் ஒரு துண்டிலும் தேதி ஒரு துண்டிலும் போய்விடும். செட் மாத்திரை இன்னும் மோசம். வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, காகிதத்தில் மடித்து. அம்மாவுக்குக் காய்ச்சலுக்கு வாங்கிய செட்டில் என்ன இருந்தது என்று டாக்டர் மூன்று முறை கேட்டார். கடைக்காரரிடம் ஓடினேன். அவருக்கே தெரியவில்லை. கார்பமசெபின்தான் முக்கியக் குற்றவாளி என்பதில் டாக்டர்களுக்குச் சந்தேகம் இல்லை, ஆனாலும் அந்தச் செட்டில் இருந்திருக்கக்கூடிய வலி மாத்திரைகளையும் அம்மா ஜாக்கிரதையாகவே பார்க்க வேண்டியதாயிற்று. தெரியாத ஒரு மாத்திரையால் தெரிந்த நாலு மாத்திரைக்குத் தடை. "வேற என்ன சாப்பிட்டீங்க" என்று கேட்டால் நாட்டு மருந்து, சூரணம், ஊசி, சொட்டு மருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் கஷாயத்தை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அடுத்தது நிறம். எல்லோரும் சிவப்பைத் தேடச் சொல்கிறார்கள். அம்மா நல்ல கறுப்பு. அவள் உடம்பில் சிவப்பு எங்கே தெரியும்? அவளுக்கு நாவல்பழ நிறத்தில், சில இடத்தில் சாம்பல் பூத்த மாதிரி வந்தது. பெரியம்மா அதைப் பார்த்து 'ஆத்தா கருத்து இறங்குறா' என்றுகூடச் சொன்னார். கறுப்பும் மாநிறமும் உள்ள நாம் பார்க்க வேண்டியது உள்ளங்கை, உதட்டின் உள்பக்கம், கண் வெள்ளை. அப்புறம் கையால் தடவிப் பார்ப்பது. தடிப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். தேய்க்க வேண்டாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, தங்கச்சி தன் மகனுக்கு அமாக்சிசிலின் கொடுத்த ஆறாம் நாள் பொரிந்ததும் அலறிக்கொண்டு போன் செய்தாள். போட்டோவைப் பார்த்தால் லேசான பொரிப்பு, வாய் சுத்தம், கண் சுத்தம், பையன் பின்னால் பந்து விளையாடுகிறான். அன்றே குழந்தை டாக்டரிடம் காட்டச் சொன்னேன். வைரஸ் காய்ச்சலாலும் இப்படிப் பொரியும், பென்சிலினே ஆகாது என்று ஆயுசுக்கும் முத்திரை குத்திவிட வேண்டாம், குறித்து வைத்துக்கொண்டு பிறகு பரிசோதித்துக்கொள்ளலாம் என்றாராம். நியாயம்தான். அதேபோல வலிப்பு, டி.பி., இருதய மாத்திரைகளைச் சின்னத் தடிப்புக்குப் பயந்து வீட்டிலேயே நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பதும் ஆபத்து. அன்றைக்கே டாக்டரைப் பார்த்து, நிறுத்துவதா மாற்றுவதா என்று அவரைச் சொல்ல வைக்க வேண்டும். தோல் வலித்தாலோ, கொப்புளம் கட்டினாலோ, கண்ணிலும் வாயிலும் புண் வந்தாலோ மட்டும் அடுத்த வேளையைப் போடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விட வேண்டும். அப்புறம் 'ஒண்ணு போட்டுத்தான் பார்ப்போமே' என்று சோதிக்கவே கூடாது. இரண்டாம் தடவை முதல் தடவை மாதிரி நாள் எடுத்துக்கொள்ளாது.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டரம்மா ஒரு அட்டை எழுதிக் கொடுத்தார். கம்பெனிப் பேர் இல்லை, மருந்தின் பேர் மட்டும்: கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிடோன். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு அதே குடும்பத்து மற்றவையும் ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்பு அதிகமாம். கம்பெனிப் பேர் இருபது இருக்கும், அதற்கடியில் பொடி எழுத்தில் இருப்பதைத்தான் படிக்க வேண்டும். இதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு, எச்.எல்.ஏ.-பி 1502 என்ற வகை உள்ள ஆசியர்களுக்கு இந்த அபாயம் கூடுதல் என்பதால், முதலிலேயே ரத்தத்தில் அதைப் பார்த்துவிட்டு இந்த மாத்திரையைத் தொடங்கச் சொல்லி அமெரிக்காவில் 2007இலேயே எச்சரித்திருக்கிறார்கள். நம் பக்கம் அந்தப் பரிசோதனையை வழக்கமாக எழுதித் தருவதில்லை. ஆகவே நானும் தங்கச்சியும்கூட எந்த டாக்டரிடம் போனாலும் அம்மா கதையைச் சொல்லிவிட வேண்டும் என்றார். அம்மாவின் கன்னத்து வலிக்கு இப்போது காபபென்டின். முறுக்கு நிறுத்தப்படவில்லை.

வார்டிலேயே ஒருவர் வந்து ஒரு படிவம் நிரப்பினார். மருந்துகளின் பக்கவிளைவைக் கணக்கெடுக்க 2010இலிருந்து மத்திய அரசின் திட்டம் ஒன்று நடக்கிறது, தலைமை இடம் காசியாபாத். டாக்டர்தான் என்றில்லை, நாமும் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் சொல்லலாம், சந்தேகம் இருந்தாலே போதும் என்றார். என் கை வட்டத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். அதற்குத் தனிப் படிவம் போட்டார்.

போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பிரஷர் மாத்திரை வாங்கப் போனேன். கடைப் பையன் கத்தரிக்கோலை எடுத்ததும், "தம்பி, பேரை விட்டுட்டு வெட்டு" என்றாள். அவனுக்குப் புரியவில்லை. கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையை எடுத்து நீட்டி, வாழையிலை வரைக்கும் முழுக் கதையையும் சொன்னாள். பின்னால் நின்ற நாலு பேரும் கேட்டார்கள். நானும் கொஞ்சம் பெருமையாகத்தான் நின்றேன். படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"இருந்தாலும் அன்னைக்கு அந்தக் கருவாட்டத் திங்காம இருந்திருக்கலாம்ல?"